திரிக்காதீங்க

பிப்ரவரி 6

ஊமைக்கோட்டான் தம்பிக்கு,

உன் அக்கா உயிரோடும் உடம்போடும் முட்டிவலியோடும் சௌக்கியம். நீயும் உன் வீட்டு மேடமும் எப்படி?

முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம், நாலு பேர் பார்க்க, ஓர் ஓட்டல் குப்பைத் தொட்டிக்குள் கையை முழங்கைவரை விட்டுத் துழாவினேன். மேசை துடைக்கிற பெண் ஓடி வந்தாள். "என்னம்மா தொலைச்சீங்க?" "கம்மல்." அவள் என் காதைப் பார்த்தாள். இரண்டு காதிலும் கம்மல் இருந்தது. "இது வேற, அது வேற," என்றேன்.

தொலைத்தது பல்லுறை. எனக்குப் பல்லை நேராக்குகிறார்கள்டா. இப்போதெல்லாம் கம்பி கட்டுவதில்லை. கண்ணாடிபோல மெல்லிய பிளாஸ்டிக் உறை, மேலே ஒன்று, கீழே ஒன்று. மாட்டினால் வெளியே தெரியாது. இரண்டு வாரத்துக்கொரு தரம் அடுத்த உறை. ஒவ்வொன்றும் பல்லை மயிரிழை நகர்த்துமாம். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். கழற்றி, காகிதத்தில் சுற்றித் தட்டோரம் வைத்தேன். மேசை துடைக்கிறவள் அவள் வேலையைச் செய்துவிட்டாள். கிடைத்தது, கிடைத்தது. எப்படிக் கழுவினேன் என்று மட்டும் கேட்காதே.

இந்த வயதில் ஏன் என்பாய். போன மாதம் என் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோ வைத்து ஊருக்கெல்லாம் அட்டைப் படம் எடுக்கிறவள் எனக்கு நானே எடுத்துக்கொண்டேன். அப்புறம் சும்மா பழைய படங்களைக் கிளறினேன். நாற்பத்தொன்பது வயசாகிறது, பல் தெரிய ஒரு படம் இல்லை. எல்லாவற்றிலும் வாயைப் பூட்டிச் சாவியை விழுங்கின மாதிரி நிற்கிறேன். அந்தத் தெத்துப்பல்தான் காரணம், உனக்குத் தெரியும்.

ஒரே தொந்தரவு, உறை போட்டால் நாக்கு குழறுகிறது. 'ச' எல்லாம் 'த' ஆகிவிடுகிறது. என் பிழைப்போ, நாள் முழுக்க 'சிரிக்காதீங்க' என்று சொல்வது. அட்டைப் படத்தில் பல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்று காலை ஒரு பெரியவரிடம், "தார், திரிக்காதீங்க," என்றேன். "நான் எதைம்மா திரிச்சேன்? உள்ளதை உள்ளபடிதானே எழுதிக் குடுத்திருக்கேன்!" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

ஆகையால் இது முடியும்வரை உன்னோடு போனில் பேசமாட்டேன். பேசினாலும் "சரிக்கா, வேலையா இருக்கேன்" என்பதற்கு மேல் நீ என்ன பேசிக் கிழித்திருக்கிறாய்? மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். இனிமேல் கடிதம்தான். நீயும் எழுது. விரலெல்லாம் அனுப்பாதே.

உன் தங்கமான குணத்துக்குத் திருஷ்டிபோல வாய்த்த
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் நலம். உன் முட்டி எப்படி இருக்கிறது?

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு எழுதுகிற ரிப்போர்ட்தான் தெரியும். அதேபோல எழுதுகிறேன்.

புகார்: அக்காவின் பல். பார்வையிட்டதில் தெரிந்தது: ஒரு தெத்துப்பல், முளைத்த நாளிலிருந்தே உள்ளது, ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. பரிந்துரை: அப்படியே விட்டுவிடலாம்.

ஆரம்பித்துவிட்டாய், சரி. குப்பைத் தொட்டியில் கைவிட்டால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்.

தம்பி

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்: அண்ணி, இதெல்லாம் யாருக்காக? மறைக்காம சொல்லுங்க. ஆள் யாருன்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.)


மார்ச் 5

தம்பிக்கும், தூக்கமில்லாமல் தவிக்கிற தம்பி மனைவிக்கும்,

முட்டி அதன் இடத்தில் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டேன். உங்கள் இருவர் உடம்பும் சௌக்கியம்தானே?

மேடத்திடம் சொல், ஆள் இருக்கிறார். உயரம், சிவப்பு, சொந்தமாக ஜெராக்ஸ் மெஷின். என் ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கடை. தினம் காலையில் "வணக்கம் மேடம்" என்பார், என்னைப் பார்த்து இல்லை, என் ஷட்டரைப் பார்த்து. அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். மேடம் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த உறை வெளியே தெரியாது என்று டாக்டரம்மா சொன்னது சத்தியம்தான். ஒரு மாதமாகிறது, ஒருத்தர் கண்டுபிடிக்கவில்லை. முதல் வாரம் எனக்கு ஏகப் பெருமை. இரண்டாம் வாரம் ஒரு சந்தேகம் வந்தது. ஜெராக்ஸ்காரர், எதிர்வீட்டுப் பெண்மணி, பஸ் கண்டக்டர் எல்லாரிடமும் தேவைக்கு மேல் வாயைத் திறந்து காட்டிப் பேசிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி, "உங்களுக்குத் தொண்டை வலியா?" என்றாள். இது உறையின் சாமர்த்தியமா, இல்லை, வாய்க்குள் யானையைக் கட்டிவைத்தாலும் என் மூஞ்சியைப் பார்க்க ஆளில்லையா, புரியவில்லை.

டாக்டரம்மா மட்டும் பார்க்கிறாள். சின்னப் பெண். விளக்கை இழுத்துவைத்து, கன்னத்தைப் பிடித்து, "வலிக்குதா ஆன்ட்டி?" என்றாள். வலிக்கவில்லை. "கொஞ்சம்," என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாக்கு அப்படியேதான் இருக்கிறது. 'சாப்பாடு' என்றால் 'தாப்பாடு.'

பதிலை ஆறப்போடாதே,
அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஒரு வாரத்தில் வந்துவிடுவாள். அதனால் இந்தத் தடவை ஓரத்தில் ஒன்றும் இல்லை.

போன வாரம் ஒரு லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு அம்மாள். கதவைத் திறக்க நேரமாகும். அதுவரை வெளியிலிருந்து ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அது எங்கள் வேலை விதி. எனக்குத்தான் பேச வராதே. கையிலிருந்த உன் கடிதத்தை உரக்க வாசித்தேன். குப்பைத் தொட்டிக் கடிதம். வெளியே வந்ததும் அந்த அம்மாள், "உறை கிடைச்சப்புறம் எப்படிக் கழுவினாங்களாம்?" என்று கேட்டாள்.

ஒரு சின்ன சந்தேகம். உருளைக்கிழங்கு வேக எவ்வளவு நேரம் ஆகும்? நான் போட்டது ஒருநாள் கல்லாக இருக்கிறது, ஒருநாள் களியாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 27

அருமைத் தம்பிக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன். உன் வயிறு எப்படி? அதைத்தான் இப்போது விசாரிக்க வேண்டும்போல் இருக்கிறது.

என் மானத்தை ஏழாவது மாடிவரை ஏற்றிவிட்டாய். நன்றி.

உருளைக்கிழங்கை முழுசாகப் போடாதே, நாலாக நறுக்கிப் போடு. தண்ணீர் கொதித்தபின் ஒரு பாட்டு கேட்கிற நேரம் விடு, கத்தியால் குத்திப் பார், இறங்கவில்லையா, இன்னும் அரைப்பாட்டு. ஓர் ஆளுக்கு நடுத்தரமாக இரண்டு போதும். சோறு வைத்தால் ஓர் ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் அரிசி, இரண்டரை டம்ளர் தண்ணீர். முட்டை என்றால் ஓர் ஆளுக்கு இரண்டு. வெங்காயம் ஒன்றே அதிகம், பாதியை மூடிவை, மறுநாளுக்கு ஆகும். பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாகச் சமைத்தால் அடிப்பிடிக்கும். கைப்பிடி வைத்த சின்னதாக ஒன்று வாங்கிக்கொள். என்னிடமும் அப்படி ஒன்றுதான் இருக்கிறது.

இங்கே கரண்ட் பில்லில் எவன் வீட்டுக் கணக்கையோ என் தலையில் கட்டிவிட்டார்கள். விடுவேனா? போன் போட்டு அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். கடைசியில் அந்தப் பையன், "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட் மேடம், சாரி மேடம்," என்று அழாத குறை.

ஆறாவது உறை. ராத்திரி வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறேன்போல. பார்த்துச் சொல்ல ஆளில்லாததால் உத்தேசமாகச் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு,
அக்கா


ஜூன் 14

தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியம்தானா என்று கேட்டு எழுதின கடிதம் தபாலில் தொலைந்ததா, உன் சட்டைப்பையில் தொலைந்ததா?

உன் ஏப்ரல் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வேறு படிக்க ஒன்றும் இல்லை, அதனால்தான். பிப்ரவரியில் 'இங்கு எல்லாரும் நலம்' என்று எழுதினவன் ஏப்ரலில் 'இங்கு நலம்' என்கிறாய். மை சிக்கனமா? 'எல்லாரும்' எங்கே போய்விட்டார்கள்? நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்.

இன்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் படம் எடுக்க வந்தார்கள். தனித்தனி அட்டைக்குத் தனித்தனிப் படம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் நான் வழக்கப்படி சிரிக்காதீங்க என்றேன். அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவருக்குத் தெரியவே தெரியாதுங்க, தைரியமா எடுங்க," என்றாள். அந்த மனுஷன் இன்றைக்கென்று பார்த்துச் சிரித்துத் தொலைத்தார். ஒன்பது படம் வீணாயிற்று. போகும்போது வீணானதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அவர்கள் போனபின் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். சாத்தி என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து உறையைத் தேய்த்துக் கழுவினேன். நல்ல பொழுதுபோக்கு. பழைய டூத்பிரஷ் இருந்தால் கால் மணி நேரம் ஓட்டலாம்.

ஒரு வரி எழுது. ரிப்போர்ட் மாதிரி எழுதினாலும் சரி.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். சாப்பிடுகிறேன். சின்னப் பாத்திரம் வாங்கிவிட்டேன். கிழங்கு இப்போது பதமாக வருகிறது.

அவள் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன் என்று எழுதியிருந்தாய். 'ச' எல்லாம் 'த' ஆகிற வாயால் நீ பேசினது அந்தப் பையனுக்கு எப்படிப் புரிந்தது? நூற்றுக்கு நூறு கரெக்ட் என்றிருக்கிறான். திரிக்காதே அக்கா.

உன் கடிதங்களை மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்துதான் படிப்பேன். அங்கே சத்தம் அதிகம். வீட்டில் சத்தமே இல்லை, அங்கே படிக்க முடியவில்லை.

நீளமாக எழுது.

தம்பி


ஜூலை 10

துப்பறியும் தம்பிக்கு,

முட்டி, முதுகு, மூளை எல்லாம் சௌக்கியம். உன் மாமியார் உடம்புக்கு என்ன, எந்த டாக்டர், என்ன மருந்து என்று விவரமாக எழுது. விவரம் தெரியாவிட்டால், தெரியாது என்று எழுது. அதுவும் போதும்.

புரிந்தது என்று உன்னிடம் யார் சொன்னது? ஒரு வார்த்தை புரியாததால்தான் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான். நீ கூட என்னிடம் இருபது வருஷம் அந்த முறையைத்தான் கையாண்டாய்.

நீளமாக எழுதச் சொன்னாயே, இன்னொரு சமாச்சாரம் கேள். ஜெராக்ஸ்காரர் நேற்று ஷட்டரை விட்டு என்னைப் பார்த்தார். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பல்லைத்தான் கண்டுபிடித்துவிட்டார் என்று வாயை ஈயென்று வைத்துக்கொண்டு நின்றேன். "மேடம், உங்க முதுகுல பல்லி," என்றார். இப்படியாக ஓர் ஆண்மகன் என்னைக் கூர்ந்து பார்த்த கதை முதுகோடு முடிந்தது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, பல்லியும் பல்லும் பக்கத்துப் பக்கத்து வார்த்தைதான்.

சிரித்தாயா? சிரித்தால் எழுது. சிரிக்காவிட்டாலும் எழுது.

அக்கா


செப்டம்பர் 8

அக்காவுக்கு,

பல்லி படித்துவிட்டுச் சிரித்தேன். மோட்டார் அறையில் தனியாகச் சிரிக்கிறேன் என்று வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறமும் இரண்டு மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் இதைத்தான் எழுத வேண்டியிருந்தது.

மாமியார் நன்றாக இருக்கிறார். அவள் வரமாட்டாள். மார்ச் கடைசியிலேயே போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. பெட்டியை மூடிவிட்டு, "உங்ககூட இருந்தாலும் தனியா இருக்கிற மாதிரிதான் இருக்கு. அதுக்குத் தனியாவே இருந்துடறேன்," என்றாள். என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்து முடிப்பதற்குள் டாக்ஸி வந்துவிட்டது. பெட்டி கனம், நான்தான் தூக்கி வைத்தேன்.

நீ போனில் பேசமாட்டேன் என்றது எனக்கு நல்லதாகப் போயிற்று. பேசியிருந்தால் "எல்லாரும் நல்லா இருக்கோம்க்கா" என்று சொல்லி வைத்திருப்பேன், நீயும் நம்பியிருப்பாய். கடிதத்தில் அந்த 'எல்லாரும்' எழுத வரவில்லை. கை நின்றுவிட்டது.

அந்தப் பதிலை இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 16

என் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தத் தடவை அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் கடைக்கு வந்தது, அங்கேயே பிரித்தேன். ஸ்டூலில் ஓர் ஆள் படத்துக்கு உட்கார்ந்திருந்தார். படித்து முடித்து நிமிர்ந்தால், மனுஷன் கல்லுப்பிள்ளையாராக அசையாமல் இருக்கிறார். "அப்படியே இருங்கன்னீங்களே மேடம்," என்றார். அவரைச் சிரிக்கச் சொல்லி ஒன்று எடுத்து இனாமாகக் கொடுத்து அனுப்பினேன்.

ஓர் ஆளுக்கு இரண்டு கிழங்கு என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்டா.

யோசித்தது போதும். அந்தப் பதிலை அவளுக்கு எழுது. எனக்கு எழுதின மாதிரியே எழுது, லிஃப்ட், கிழங்கு, மோட்டார் அறை எல்லாம். வருவாள் என்று நான் சொல்லவில்லை. அவள் உன்னோடு ஒன்பது வருஷம் இருந்தாள், நீ இப்படியெல்லாம் பேசுவாய் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கே பிப்ரவரிக்கு அப்புறம்தான் தெரியும்.

அக்கா


நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். உன் முட்டி?

கடிதமில்லாமல் படம் மட்டும் வந்தது. பின்பக்கம் 'உறை முடிந்தது' என்று எழுதியிருந்தாய். பல் தெரிய நீ சிரிக்கிற முதல் படம். நன்றாக இருக்கிறது. பார்வையிட்டதில் தெரிந்தது: பல் நேராகிவிட்டதால் மூக்கு கோணல் என்பது இப்போதுதான் தெரிகிறது. பரிந்துரை: அப்படியே விட்டுவிடலாம்.

அவளுக்கு எழுதினேன். நாலு பக்கம். மூன்று வாரம் கழித்து ஒரு அட்டையில் ஒரே வரி பதில் வந்தது. 'உங்களுக்கு இவ்வளவு பேச வருமா?' அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா, நீதான் சொல்ல வேண்டும். நான் இன்னொரு நாலு பக்கம் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

உறை முடிந்துவிட்டதால் இனிமேல் போனில் பேசுவாய். பேசு. ஆனால் எழுதுவதை நிறுத்திவிடாதே. போன் என்றால் என் வாய் மறுபடி பழைய மாதிரி ஆகிவிடும்.

இங்கே ஓர் அறை சும்மா கிடக்கிறது. சமையல் இரண்டு ஆளுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. வந்து சொல்லிக் கொடு.

தம்பி


நவம்பர் 21

மூக்கு நிபுணர் தம்பிக்கு,

சௌக்கியம் சௌக்கியம், மீதியை நேரில் விசாரித்துக்கொள். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை உன் வாசலில் நிற்பேன். இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவந்து கொடுத்தாலும் ஆச்சரியப்படாதே, தபாலை நம்ப முடியாது. ஸ்டுடியோவில் 'பத்து நாள் விடுமுறை' என்று போர்டு மாட்டினேன். ஜெராக்ஸ்காரர் வந்து, "எங்க மேடம் போறீங்க?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். பல்லி இல்லை, நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டேன்.

அந்த ஒரு வரி நல்லதுதான். கேள்விக்குறியோடு வந்திருக்கிறது. பதில் வேண்டாமென்றால் முற்றுப்புள்ளி வைத்திருப்பாள். நாலு பக்கத்தை எட்டாக்கு.

கிழங்கு நாலு வாங்கி வை.

அக்கா

பின்குறிப்பு: டாக்டரம்மாவிடம் கடைசியாகப் போய் ராத்திரி உறையை வாங்கிக்கொண்டேன். பல்லுக்குப் பழைய இடத்து ஞாபகம் போகவே போகாதாம், ஆயுசுக்கும் ராத்திரியில் இதை மாட்டிக்கொண்டே தூங்க வேண்டுமாம். "ஊருக்குப் போறேம்மா, தம்பியோட நிறையப் பேசணும். இதுக்கு நாக்கு குழறுமா?" என்று கேட்டு வைத்தேன். அந்தப் பெண் கையுறையைக்கூடக் கழற்றாமல் சிரிக்கிறது. "உங்களுக்கு எப்ப ஆன்ட்டி குழறிச்சு? ரெண்டாம் வாரமே வந்து, எல்லாருக்கும் குழறும்னு சொன்னியே, எனக்கு ஒண்ணுமே ஆகலையேன்னு என்கிட்ட சண்டையில்ல போட்டீங்க!"